கார்லாவின் நிறம்

சவுக்காரக் கம்பெனிகளின் விளம்பரப் பணத்தில் வளர்ந்ததால் 'சோப் ஆபரா' என்று பெயர் பெற்ற அமெரிக்கப் பகல்நேரத் தொடர்களை, வீட்டிலிருக்கும் ஸ்திரீகளின் பொழுதுபோக்கென்று விமரிசகர்கள் நெடுங்காலம் ஒதுக்கி வைத்தது பெரும் பிழை என்பது என் அபிப்பிராயம். ஒரு மனிதரை இன்ன குலத்தவர், இன்ன நிறத்தவர் என்று நாம் எதைக் கொண்டு தீர்மானிக்கிறோம் என்ற வினாவை, பெரிய நாடக அரங்குகளும் எழுப்பாத விதத்தில் அவற்றுள் ஒன்று எழுப்பியிருக்கிறது.

வானொலித் தொடர்களின் முன்னோடியான இர்னா பிலிப்ஸிடம் தொழில் பயின்ற ஆக்னஸ் நிக்ஸன், 1968 ஜூலை 15 அன்று ஏ.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஒன் லைஃப் டு லிவ்' என்ற தொடரில், செல்வந்தரான லார்டு குடும்பத்தோடு போலந்து வம்சாவளியினரான வோலெக் குடும்பத்தையும், யூதர் ஒருவரை மணந்த ஐரிஷ் பெண்ணையும் சரிசமமாக உலவவிட்டார். வெவ்வேறு இனத்தவர் மணந்துகொள்வதைத் தடுத்த சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதவை ஆக்கி ஓராண்டே கழிந்திருந்த அந்த வேளையில்தான், கார்லா பெனாரி என்ற இத்தாலிய வம்சத்து நடிகை கதைக்குள் வந்தாள். வெள்ளைக்கார வைத்தியர் ஒருவருக்கு நிச்சயிக்கப்பட்ட அவள், கறுப்பின வைத்தியரான பிரைஸ் டிரெய்னரிடம் மனத்தைப் பறிகொடுத்து அவரை முத்தமிட்டதும், நேயர்கள் கொதித்தெழுந்தனர்; டெக்ஸாஸில் ஒரு நிலையம் தொடரையே நிறுத்திவிட்டது. அவள் உண்மையில் கிளாரா கிரே என்பதும், அதே ஆஸ்பத்திரியில் பணிபுரியும் கறுப்பினப் பெண் ஸேடியின் மகள் என்பதும் பின்னரே வெளிப்பட்டன.

இரண்டு மணி நேரத்துத் திரைப்படத்தில் இது ஒரு திருப்பம், அவ்வளவுதான்; தினந்தோறும், மாதக்கணக்கில், தம் கூடத்துக்கே வந்துபோன ஒருத்தியைத் தம்மவளென்று நம்பிப் பரிவு கொண்ட பிறகு, மாறியது அவளது முகமன்று, அவளைப் பற்றித் தாம் அறிந்த ஒரு செய்தியே என்று நேயர் உணர நேர்ந்ததில்தான், மந்தகதி என்று நாம் குறைகூறும் அந்த வடிவத்தின் மகத்தான சக்தி இருக்கிறது. கதை பாத்திரத்தை மட்டுமன்றிப் பார்ப்பவரையும் பரீட்சித்தது.

ஆயினும் அதே வடிவமே அதன் குறையும் ஆயிற்று. முடிவென்பதே இல்லாத கதைக்கு ரகசியம் ஒன்று தீர்ந்தால் மற்றொன்று வேண்டும். ஆகவே நிறத்தின் அவமானம், அதே தொடரில் வரும் விக்டோரியா லார்டின் பிளவுண்ட மனத்தைப் போலவே, அவிழ்க்கப்பட வேண்டிய ஒரு மர்மமாகிவிடுகிறது. கார்லா பொய் சொன்னாள் என்று கதை அவளை விசாரிக்கிறதேயொழிய, அந்தப் பொய்யை அவளுக்கு அவசியமாக்கிய வாடகை வீடுகளையும் வேலை வாசல்களையும் அதே பொறுமையோடு விசாரிக்கவில்லை. மகளை இழந்து, அருகிலேயே அவளைக் கண்ட ஸேடியின் துயரத்துக்கு, அவளாக நடித்த லிலியன் ஹேமன் அளித்த உயிர் இல்லாவிடில், அந்தச் சமூகத்தின் பாரம் கதையில் எங்கும் இறங்கியிராது.

கார்லாவாக நடித்த எலன் ஹாலி, வெளிர்நிறக் கறுப்பின நடிகைக்கு எந்த வேஷமும் கிட்டாத அவலத்தை நியூயார்க் டைம்ஸில் எழுதியதைக் கண்டே நிக்ஸன் அவரை அழைத்தார். அத்தொடரில் ஊதியத்திலும் மரியாதையிலும் தமக்கு நேர்ந்த பாரபட்சத்தை, 1996-இல் வெளியிட்ட சுயசரிதையில் ஹாலி வருத்தத்தோடு எழுதினார்.