பாயும் சேவலைப் பழக்கும் கலை

அசில் சேவல்களைக் கவனித்தவர்களுக்கு ஒரு முரண் புலப்பட்டிருக்கும். எதிர்ச்சேவலைக் கண்டால் உயிரே போனாலும் பின்வாங்காத அதே சேவல், வளர்ப்பவர் மடியில் வைத்து நெஞ்சையும் தொடையையும் நீவிவிடும்போது சாதுவாக இருக்கும். பல தலைமுறையாகச் சண்டைக்கென்றே தேர்ந்து பெருக்கிய இனம் இது. ஆக, சண்டைக்குணம் வேறு, ஆள்மேல் பாய்வது வேறு. தண்ணீர் வைக்க வந்தவரின் கெண்டைக்காலில் கொல்லைச் சேவல் முள்ளை இறக்குவதைத் திமிர் என்கிறோம். அது காவல். பெட்டைகளை நெருங்குவது பருந்தா, கீரியா, இன்னொரு சேவலா என்று பார்ப்பதே அதன் முழுநேர வேலை. போட்டிச் சேவல் என்ற சந்தேகத்திலிருந்து நம்மை விடுவித்துக்கொள்வதுதான் பழக்குபவரின் கலை.

பாயப்போகும் சேவல் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடும். ஒரு சிறகைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நகரும். கழுத்து இறகு விரியும். தரையில் எதுவும் இல்லாமலே கொத்தும். தேர்ந்த கை அப்போது முன்னேறாது, ஓடவும் செய்யாது. ஓடினால் சேவல் ஜெயித்ததாகிவிடும். முகத்துக்கு நேரே நிற்காமல் உடலைச் சற்றுத் திருப்பி, அது தணியும்வரை அப்படியே நிற்பார்கள். அதைவிட அழகு, இரை போடும் முறை. நல்ல இரை கிடைத்தால் சேவல் தான் தின்ன அவசரப்படாது. தாழ்ந்த குரலில் கொக்கொக்கென்று பெட்டைகளை அழைத்து, தானியத்தை எடுத்தெடுத்துக் கீழே போடும். கம்பைப் பெட்டைகளுக்கு வீசாமல் சேவலின் காலடியில் வீசினால், கொடுத்த பெருமை அதற்கே போய்ச் சேரும். இதைவிட நாசூக்கான லஞ்சம் இருக்க முடியாது!

நாலு அடி போட்டால் அடங்காதா என்பார்கள். சில அடங்கும்; ஆனால் அடிப்பவர் தன்னோடு மல்லுக்கு நிற்கும் இன்னொரு சேவலாகவே அதற்குப் படுவதால், பல சேவல்கள் மறுநாள் இன்னும் தயாராக வரும். குஞ்சிலிருந்தே கையில் வைத்துக் கொஞ்சினால் போதுமென்பதும் முழு உண்மையல்ல. மனிதரைக் கண்டு அச்சமே இல்லாமல் வளர்ந்த குஞ்சு, கூவத் தொடங்கும் வயதில் அவரையே போட்டியாளராக எண்ணுவதுண்டு. எதற்கும் மசியாத சேவலும் உண்டு. அதைக் குழம்புக்கு அனுப்புகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எப்படிப் பழகிய சேவலானாலும், அதன் முள் எட்டும் உயரத்தில்தான் சிறுபிள்ளையின் கண் இருக்கிறது. பிள்ளைகளைத் தனியே கொல்லைக்குள் விடாதீர்கள்.