நிரலுக்குள் ஒரு சிறுமொழி: மூன்று மரபுகள்

தரவு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது அதன் உருவம் மாறியாக வேண்டும். அனுப்புபவர் தேதி எழுதும் முறையை மாற்றும்போதெல்லாம் மென்பொருளைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்வது கட்டுப்படியாகாது. எனவே மாற்றும் வேலையை மட்டும் ஒரு சிறுமொழியிடம் ஒப்படைத்து, அதை முதன்மை மென்பொருளான தாய்நிரலுக்குள் குடிவைக்கும் வழக்கம் வேரூன்றியது. இதில் மூன்று மரபுகளைக் காணலாம்.

முதலாவது முழுமொழி மரபு. 1988இல் ஜான் ஆஸ்டர்ஹவுட் பெர்க்லியில் தொடங்கிய டிசிஎல் அதன் முன்னோடி; 1993இல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த லுவா அதன் உச்சம். பெட்ரோபிராஸ் எண்ணெய் நிறுவனத்துக்காக எழுதப்பட்ட இரண்டு சிறுமொழிகளிலிருந்து வளர்ந்தது லுவா. அதில் எதையும் எழுதலாம். ஆனால் கோப்பைத் தொடும் நூலகத்தைத் தாய்நிரல் தராவிட்டால், ஸ்கிரிப்டால் கோப்பைத் தொட முடியாது.

இரண்டாவது வடிகட்டி மரபு. 2012இல் ஸ்டீபன் டோலன் வெளியிட்ட ஜேக்யூ இதன் முகம். ஜேசான் வடிவிலான ஒரு தரவு உள்ளே போனால் ஒரு விடை வரலாம், பல வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். தாய்நிரல் தீரும்வரை 'அடுத்தது?' என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதல் விடையோடு நிறுத்திக்கொண்டால் மிச்சத் தரவு சத்தமின்றித் தொலையும்.

மூன்றாவது கட்டுப்பாட்டு மரபு. கூகுளின் சிஇஎல் மொழியில் முடிவில்லாச் சுழலை எழுதவே வழியில்லை. அதில் எழுதிய விதியின் செலவைக் கொள்கலன்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸ் தளம் முன்னதாகவே மதிப்பிட்டு, வரம்பு மீறினால் ஏற்க மறுக்கிறது. பதிவுத் தரவைக் கடத்தும் வெக்டர் கருவியின் விஆர்எல் மொழியோ, தோற்கக்கூடிய ஒரு செயல் தோற்றால் என்ன செய்வது என்று எழுதாத ஸ்கிரிப்டைக் கம்பைலே செய்யாது.

இத்தகைய சிறுமொழியின் தரத்தை எப்படி அளப்பது? 9007199254740992 என்ற எண்ணோடு ஒன்றைக் கூட்டிப் பாருங்கள். மூல ஜேக்யூ அதே எண்ணைத் திருப்பித் தரும்; அதையே கோ மொழியில் மறுபடி எழுதிய கோஜேக்யூ சரியான விடையைத் தரும். வங்கிக் கணக்கு எண்ணில் இந்த வேறுபாடு நேர்ந்தால் பணம் வேறொருவருக்குப் போகலாம். ஜேஎம்இஎஸ்பாத் மொழி, இலக்கண விதிகளோடு பொதுச் சோதனைத் தொகுப்பையும் வைத்திருப்பது இத்தகைய வேறுபாடுகளைத் தவிர்க்கவே: எந்த மொழியில் செயல்படுத்தினாலும் விடை ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒரு சிறுமொழியைத் தேர்ந்தெடுக்கும்போது அது என்னென்ன செய்யும் என்ற பட்டியலில் நாம் மயங்கிவிடுகிறோம். முதலில் கேட்க வேண்டியவை வேறு: நேரம் மீறினால் நிறுத்த முடியுமா? பிழையைத் தாய்நிரல் பிடிக்குமா? கொடுத்ததை மட்டுமே அது எடுக்குமா? மூன்றுக்கும் 'ஆம்' கிடைத்தால் எந்த மரபானாலும் குடிவைக்கலாம். கிடைக்காவிட்டால் எத்தனை வசதி இருந்தாலும் வேண்டாம்.