கதை தெரிந்த பிறகு

பல வருஷங்களாகப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். இந்த வார இதழைப் படித்தவர் அடுத்த வார இதழுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. கதாநாயகியைக் கிணற்றங்கரையில் நிறுத்திவிட்டுத் 'தொடரும்' என்று போட்டால் எனக்கு ஒரு வாரம் நிம்மதி. அவள் விழுந்தாளா, திரும்பினாளா என்று தெரிந்துவிட்டால் வாசகருக்கு அந்த அத்தியாயம் அத்துடன் தீர்ந்தது. பழைய இதழ் கடைக்குப் போய்விடும்.

ஆனால் அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று நன்றாகத் தெரிந்திருந்தும், வாரா வாரம் அதே கதைக்காகக் காத்திருக்கிற ஒரு ஜனங்கள் இருக்கிறார்கள். யூதர்களைச் சொல்கிறேன். மோசேயின் பேரால் வழங்கும் ஐந்து நூல்களை அவர்கள் தோரா என்கிறார்கள். அதை 54 பகுதிகளாகப் பிரித்து, சனிக்கிழமைதோறும் ஜெப ஆலயத்தில் தோல் சுருளிலிருந்து வாசிக்கிறார்கள். சில வாரங்களில் இரண்டு பகுதிகள் சேர்ந்து வரும். சிம்ஹத் தோரா என்ற பண்டிகையன்று மோசே இறந்துபோகும் கடைசிப் பகுதியை முடித்த கையோடு, உலகம் படைக்கப்படும் முதல் அத்தியாயத்தைத் திறந்துவிடுகிறார்கள். மங்களம் பாடிப் புத்தகத்தை மூடி வைக்கும் வழக்கமே இல்லை.

கதைதான் தெரியுமே, பிறகு எதற்காகப் படிக்கிறார்கள்? நீதியைத் தெரிந்துகொள்ள என்று நினைத்திருந்தேன். அதுவும் சரியல்ல, நீதியும் போன வருஷமே தெரியும். அவர்கள் தேடுவது கேள்வியை. இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் நெஹாமா லைபோவிட்ஸ் என்ற ஓர் ஆசிரியை. நேரில் அல்ல, புத்தகத்தின் மூலம்.

இவர் 1905-இல் ரீகா நகரத்தில் பிறந்தார். ஜெர்மனியில் படித்து டாக்டர் பட்டம் பெற்று, 1930-இல் பாலஸ்தீனத்தில் குடியேறினார். 1942 முதல் சுமார் முப்பது வருஷம், அந்தந்த வாரத்துப் பகுதியைப் பற்றிய கேள்விகளைத் தாளில் நகலெடுத்துத் தபாலில் அனுப்பி வந்தார். கேள்விகள் மட்டுந்தான்; விடைகள் கிடையாது. கடினமான கேள்விக்குப் பக்கத்தில் ஒரு குறி, மிகக் கடினமானதற்கு இரண்டு குறி. யார் விடை எழுதி அனுப்பினாலும், தாமே சிவப்பு மையினால் திருத்தித் திருப்பி அனுப்புவார். 1956-இல் இஸ்ரேல் பரிசு கொடுத்துக் கௌரவித்தார்கள். 1997-இல் காலமானார். கல்லறையில் பெயருடன் 'ஆசிரியை' என்ற பட்டம் ஒன்றே போதும் என்றிருந்தார்; அப்படியே செய்தார்கள்.

ஆதியாகமத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளின் ஆங்கிலத் தொகுதி ஒரு பழைய புத்தகக் கடையில் என் கையில் சிக்கியது. எனக்கு ஹீப்ரு தெரியாது. மூலத்தின் சொல்லழகைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் கதை சொல்லுகிற வித்தையைப் பற்றிப் பேசலாம் அல்லவா?

அவர் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: இந்த இடத்தில் ராஷிக்கு என்ன இடறியது? ராஷி என்பவர் 1040 முதல் 1105 வரை வாழ்ந்த உரையாசிரியர்; பிரான்சு தேசத்தில் த்ருவா நகரத்துக்காரர். நம் பரிமேலழகரைப்போல, அவர் இல்லாமல் மூலத்தை யாரும் தொடுவதில்லை. உரையாசிரியர் என்ன சொன்னார் என்று கேட்பது மாணாக்கனின் வழக்கம். எந்தச் சொல் அவரை நிறுத்தியது, ஏன் அங்கே பேனாவை எடுத்தார் என்று கேட்பது ரசிகனின் வழக்கம். இந்த ஒரு வித்தியாசத்தை நம் விமர்சகர்கள் கவனித்தால் எவ்வளவோ வீண் சண்டை குறையும்.

நோவாவை எடுத்துக்கொள்வோம். தன் தலைமுறையில் அவன் நீதிமான் என்கிறது மூலம். 'தன் தலைமுறையில்' என்று எதற்காகச் சொல்ல வேண்டும்? ராஷி இரண்டு கட்சிகளையும் எடுத்து வைக்கிறார். அவ்வளவு கெட்ட காலத்திலேயே நல்லவனாக இருந்தவன், நல்ல காலத்தில் இன்னும் எவ்வளவு உயர்ந்திருப்பான் என்பது ஒரு கட்சி. ஆபிரகாமின் காலத்தில் பிறந்திருந்தால் அவனை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள் என்பது மற்றொன்று. தீர்ப்பு இல்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

இதைப் படித்த பிறகு நானும் மூலத்தைப் புரட்டிப் பார்த்தேன். உலகத்தையே வெள்ளத்தில் அழிக்கப் போகிறேன் என்று கடவுள் சொல்கிறார். நோவா ஒரு வார்த்தை பேசவில்லை. பேழையைக் கட்டுகிறான், ஏறுகிறான், இறங்குகிறான், பலி கொடுக்கிறான். கதையில் அவன் முதன்முதலாக வாய் திறப்பது, குடித்துக் கிடந்து எழுந்த பிறகு, பேரன் கானானைச் சபிப்பதற்காக. இப்படி ஒரு பாத்திரத்தைப் படைக்க எனக்கு இன்னும் நாற்பது வருஷம் ஆகும்.

இரண்டு வாரம் கழித்து 'வயேரா' என்ற பகுதி வருகிறது. ஆதியாகமம் 18 முதல் 22 வரை ஐந்து அத்தியாயங்கள். கொளுத்தும் வெயிலில் கூடார வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆபிரகாம், வழிப்போக்கர் மூவரைக் கண்டு எதிர்கொண்டு ஓடுகிறான். கொஞ்சம் அப்பம் தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கன்றுக்குட்டியை அடித்து விருந்தே வைக்கிறான். பிறகு சோதோம் நகரத்தை அழிக்கப் போவதாகக் கடவுள் தெரிவிக்கும்போது, நோவாவைப்போல அவன் சும்மா இருக்கவில்லை. வழக்காடுகிறான். ஐம்பது நல்லவர்கள் இருந்தால்? நாற்பத்தைந்து? நாற்பது, முப்பது, இருபது, பத்து? சந்தையில் பேரம் பேசுகிறவனைப்போல, பயந்து பயந்து, ஆனால் விடாமல் கேட்கிறான்.

அதே ஆபிரகாமிடம், அதே பகுதியின் கடைசியில், மகன் ஈசாக்கைப் பலியாகக் கொண்டு வா என்கிறார் கடவுள். விடியற்காலையில் எழுந்து கழுதைக்குச் சேணம் வைக்கிறான் ஆபிரகாம். முகம் தெரியாத ஊருக்காக அத்தனை பேசியவன், தன் பிள்ளைக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் ஒரே வாரத்தில் வாசிக்கப்படுகின்றன என்பதுதான் விசேஷம். தனித்தனியே படித்தால் ஒன்று கருணைக்கு உதாரணம், மற்றொன்று பக்திக்கு உதாரணம். இரண்டு நீதிக் கதைகள் கிடைத்துவிடும். சேர்த்துப் படித்தால் நீதி உடைந்து கேள்வியாகிறது. அன்று பேசினது சரியென்றால் இன்று மௌனம் சரியா?

கல்லூரியில் படித்த இரண்டு வருஷத்தில் எங்களுக்கு பைபிள் வகுப்பு உண்டு. இந்தக் கதையின் கருத்து கீழ்ப்படிதல் என்று ஆசிரியர் சொன்னார், நோட்டில் எழுதிக்கொண்டோம். பிற்காலத்தில், நரபலி வேண்டாம் என்று உலகத்துக்கு அறிவித்த கதை இது என்று வேறொரு புத்தகத்தில் படித்தேன். இரண்டும் பொய்யல்ல. ஆனால் இரண்டுமே வாசகனைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. நாஜிகளின் ஆட்சியில் பதவி இழந்து இஸ்தான்புல்லுக்குப் போய்ச் சேர்ந்த எரிக் அவர்பாக், 1946-இல் வெளியான 'மிமெஸிஸ்' என்ற நூலின் முதல் அத்தியாயத்தில், ஹோமரையும் இந்தக் கதையையும் ஒப்பிட்டார். ஹோமர் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்துச் சொல்கிறார்; இங்கே எல்லாம் இருட்டில் இருக்கிறது என்பது அவர் கண்டது. மூன்று நாள் பிரயாணம். தகப்பனும் பிள்ளையும் என்ன பேசினார்கள், என்ன சாப்பிட்டார்கள், ஒன்றும் இல்லை. விறகைப் பிள்ளை சுமக்கிறான். நெருப்பும் கத்தியும் தகப்பன் கையில். பிள்ளை ஒரே ஒரு கேள்வி கேட்கிறான்: ஆட்டுக்குட்டி எங்கே? கடவுள் பார்த்துக்கொள்வார் என்று பதில் வருகிறது. கேள்விக்கு முன்பும் பதிலுக்குப் பின்பும், இருவரும் சேர்ந்து நடந்ததாக ஒரே செய்தி இரண்டு தடவை வருகிறது. முதல் தடவை பிள்ளைக்கு விஷயம் தெரியாது. இரண்டாவது தடவை தெரிந்துவிட்டது, தெரிந்தும் நடந்தான் என்கிறார் ராஷி. ஒரு வார்த்தையும் மாறாமல் ஒரு மனம் மாறிவிடுகிறது!

ஆடு கிடைக்கிறது, பிள்ளை பிழைக்கிறான். ஆனால் ஆபிரகாம் வேலைக்காரர்களிடம் திரும்பி வந்ததைச் சொல்லும் வரியில் ஈசாக்கின் பெயர் இல்லை. அதற்குப் பிறகு தகப்பனும் பிள்ளையும் பேசிக்கொண்டதாக ஓரிடத்திலும் இல்லை. அடுத்த வாரத்துப் பகுதி தொடங்கியதுமே தாய் சாராள் இறந்துபோகிறாள். மகனுக்கு நேரவிருந்ததைக் கேள்விப்பட்ட அதிர்ச்சியில் உயிர் போயிற்று என்று பழைய கர்ணபரம்பரை. ராஷியும் அதை எடுத்துச் சொல்கிறார். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த உரையாசிரியர்களை நான் கண்ணை மூடிக்கொண்டு புகழ வரவில்லை. காயத்துக்குச் சீக்கிரமாகக் கட்டுப் போட்டுவிடுகிற ஆசை அவர்களுக்கும் உண்டு. ஆகாரையும் அவள் பிள்ளை இஸ்மவேலையும் வீட்டை விட்டுத் துரத்தும் இடத்தில், மூலம் சொல்வது அந்தப் பிள்ளை சிரித்து விளையாடினான் என்ற அளவுதான். ராஷியோ அந்தச் சொல்லுக்குள் விக்கிரக ஆராதனை, கொலை, விபசாரம் எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிறார். துரத்தியதற்கு நியாயம் வேண்டுமே! ஆனால் அதே மரபில், 1194-இல் பிறந்த நஹ்மனிடீஸ் என்ற ஸ்பெயின் தேசத்து அறிஞர், அதற்கு முந்தின தடவை ஆகாரைச் சாராள் கொடுமைப்படுத்தியது பாவம், தடுக்காமல் இருந்த ஆபிரகாமும் பாவம் செய்தான் என்று ஒளிவு மறைவில்லாமல் எழுதினார். தங்கள் குலத்தின் மூலத் தாயையும் தந்தையையும் பற்றி இப்படி எழுதினார்; அந்த எழுத்தையும் பத்திரமாக வைத்துப் படிக்கிறார்கள். ஒரு மரபின் ஆரோக்கியத்துக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இனி என் சங்கதி ஒன்று. பத்து வருஷத்துக்கு முன் ஒரு நாவல் எழுதினேன். சாகக் கிடக்கும் சிநேகிதனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, பெண்ணின் படிப்பை நிறுத்தி, அந்தச் சிநேகிதனின் பிள்ளைக்கு அவளைக் கல்யாணம் செய்து கொடுக்கும் தகப்பனாரின் கதை. கல்யாணப் பந்தலில் அவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் இடத்தைப் படித்து அழுததாக நிறையக் கடிதங்கள் வந்தன. வாக்குத் தவறாமை என்ற தர்மத்தை அழகாக எடுத்துச் சொன்னதாகப் பாராட்டினார்கள். எனக்கும் பெருமைதான். ஒரே ஒரு கடிதம் வேறு மாதிரி இருந்தது. எழுதியவர் ஒரு பெண். "ஸார், அந்தப் பெண் என்ன சொன்னாள்?" இவ்வளவுதான் கடிதம். நான் பதில் எழுதவில்லை.

நெஹாமாவின் புத்தகத்தைப் படித்து முடித்த இரவு, அலமாரியிலிருந்து என் நாவலை எடுத்துப் பார்த்தேன். அந்த அத்தியாயத்தில் பெண் பேசுவது ஒரே இடத்தில்: "காபி கொண்டு வரட்டுமா, அப்பா?" விறகைச் சுமக்க மட்டும் அவளை வைத்திருக்கிறேன். ஈசாக்குக்குக் கிடைத்த ஒரு கேள்விகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. அங்கே மௌனம் கதாசிரியன் அறிந்து விட்ட இடைவெளி. அதற்குள் ஆயிரம் வருஷத்து வாசகர்கள் புகுந்து நிற்க முடிகிறது. என் நாவலில் மௌனம் நான் பார்க்கத் தவறிய இடம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். நீதி முன்கூட்டியே தயாராக இருந்தால் கண் இப்படித்தான் மறைக்கும்.

அந்த நாவலுக்கு இப்போது புதுப் பதிப்பு வரப்போகிறது; ஏதாவது திருத்தம் உண்டா என்று பதிப்பாளர் கேட்டிருக்கிறார். யூதர்கள் தங்கள் சுருளில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டார்கள். என் நாவல் வேதமல்ல, மாற்றலாம். காபியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்கட்டும் என்று தீர்மானித்திருக்கிறேன். கேள்வியை எழுதியும் விட்டேன். அப்பா என்ன பதில் சொல்வார் என்பதுதான் மூன்று வாரமாக எனக்குத் தெரியவில்லை.