ஏவலாகும் விவரணை: ஏஜெண்ட் வாசிக்கும் கையேடுகள் குறித்து

கையேட்டைப் பிரதியாக எடுத்து வாசிக்கிற வழக்கம் நம் விமர்சனத்தில் இல்லை. கவிதை, நாவல், மிஞ்சிப்போனால் ஓர் அரசாங்க அறிக்கை, அத்தோடு நம் கட்டுடைப்பு முடிந்துவிடுகிறது. மென்பொருள் கருவிக்கு எழுதப்படும் விவரக்குறிப்போ, 'அது டெக்னிக்கல் சமாச்சாரம்' என்ற பேச்சில் கேள்விகளுக்கு அப்பால் போய் உட்கார்ந்துகொண்டது. இன்று அந்தக் குறிப்பின் வாசகர் மாறியிருக்கிறார். செயற்கை நுண்ணறிவு ஏஜெண்ட் அதை வாசிக்கிறது. வாசித்த கையோடு செய்தும் விடுகிறது.

நடப்பது இதுதான். மொழி மாடல் தானாக ஒரு கோப்பைத் திறக்கவோ கடிதம் அனுப்பவோ முடியாது. அதற்குக் கருவிகள் தரப்படவேண்டும். 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ இதற்கொரு முறையைக் கொண்டுவந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் எம்சிபி என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. ஒவ்வொரு கருவியைப் பற்றியும் மாடலின் முன் வைக்கப்படுபவை: பெயர், சில வரி விவரணை, என்னென்ன உள்ளீடு வேண்டும் என்ற பட்டியல். பின்னால் ஓடும் நிரல் பெரும்பாலும் அதன் பார்வைக்கே வருவதில்லை. ஆக, விவரணைதான் அதற்குக் கருவி. பிரதிக்கு வெளியே ஏதாவது உண்டா என்று தெரிதாவை வைத்துக்கொண்டு டீக்கடையில் மண்டையை உடைத்துக்கொண்டோமே, இங்கே அந்தக் கேள்வி மிகக் கொச்சையான அர்த்தத்தில் தீர்ந்துபோயிருக்கிறது.

பழைய கையேடு வேறு மாதிரியான பிரதி. 1971 நவம்பரில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் கொண்டுவந்த யுனிக்ஸ் கையேட்டில் கட்டளைகளுக்குக் கீழே 'பக்ஸ்' என்று ஒரு தலைப்பு உண்டு. இது எங்கே சொதப்பும் என்பதை எழுதியவர்களே ஒப்புக்கொள்கிற இடம் அது. மற்றதெல்லாம் தந்தி பாஷை. அந்தச் சுருக்கம் செல்லுபடியானதற்குக் காரணம், புரியாவிட்டால் வாசகர் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டுக்கொள்வார் என்பது. சூத்திரத்துக்கும் இதே கதைதான். 'குன்றக் கூறல்' குற்றம் என்று நன்னூல் பட்டியலிட்டாலும், நம் இலக்கண மரபு அவ்வளவு சுருக்கத்தைத் தாங்கி நின்றது உரையாசிரியர் என்றொரு ஆள் கூடவே இருந்ததால். ஏஜெண்டுக்கு உரையாசிரியர் கிடையாது. சந்தேகம் வந்தால் நின்று கேட்பதைவிட ஊகித்துச் செய்துவிடுவதே பல நேரம் அதற்கு எளிதாக இருக்கிறது.

2024 டிசம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட கட்டுரையொன்றில் ஒரு சின்ன விவரம் வருகிறது. நிரல் திருத்தும் ஏஜெண்ட் ஒன்று, தொடங்கிய அடைவை விட்டு வேறு அடைவுக்குள் போன பிறகு கோப்புகளின் பாதையைத் தப்பாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. 'இங்கிருந்து இப்படிப் போ' என்கிற சார்புப் பாதையைக் கருவி அனுமதித்ததுதான் கோளாறு. முழுப் பாதையை மட்டுமே தரவேண்டும் என்று கருவியையே மாற்றியதும் தவறு நின்றுவிட்டது. இதில் நான் கவனிப்பது 'இங்கிருந்து' என்ற சொல்லை. எழுதியவர் நிற்கிற இடமும் வாசிப்பது நிற்கிற இடமும் ஒன்றென்று அந்தப் பிரதி எடுத்துக்கொண்டது. நம் நாவல்களில் ஊரும் சாதியும் இப்படித்தான் சொல்லாமலே தெரிந்ததாக வைக்கப்படுகின்றன என்பது வேறு பேச்சு. ரொம்ப வேறும் இல்லை.

இதைவிடக் கலவரப்படுத்துவது 2025 ஏப்ரலில் இன்வேரியண்ட் லேப்ஸ் செய்து காட்டியது. இரண்டு எண்களைக் கூட்டுகிற கருவி, அவ்வளவுதான். ஆனால் அதன் விவரணைக்குள், கூட்டுவதற்கு முன் பயனரின் ரகசியச் சாவிக் கோப்பைப் படி, அதையும் ஓர் உள்ளீடாகச் சேர்த்து அனுப்பு, பயனரிடம் மூச்சு விடாதே என்ற ரீதியில் எழுதி வைத்திருந்தார்கள். ஏஜெண்ட் அப்படியே செய்தது. பயனர் பார்த்த திரையில் இந்த வரிகள் இல்லை. தகவல் சொல்லும் கூற்று, செயல்புரியும் கூற்று என்று பிரிக்கத் தொடங்கிய ஆஸ்டின், அந்தக் கோடு நிற்காது என்ற இடத்துக்குக் கடைசியில்தான் வந்து சேர்ந்தார். ஏஜெண்டின் வாசிப்பில் அந்தக் கோடு ஆரம்பத்திலேயே கலங்கிக் கிடக்கிறது. 'இது இன்னதைச் செய்யும்' என்பதும் 'இன்னதைச் செய்' என்பதும் ஒரே பிரதிக்குள் ஒரே குரலில் வருகின்றன. விவரிக்கும் கை எதுவோ அதுவே ஏவும் கை.

எம்சிபியில் 2025 மார்ச்சில் சில அடையாளக் குறிப்புகளைச் சேர்த்தார்கள். இது படிக்க மட்டும், இது அழிக்கக்கூடியது என்பதுபோல. ஒன்றும் சொல்லாமல் விட்டால் அழிக்கக்கூடியது என்றே கொள்ளவேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம்பகமில்லாத இடத்திலிருந்து வருகிற குறிப்பை நம்பாதே என்றும் அதே நெறிமுறை சொல்கிறது. அப்படின்னா, பிரதி தனக்குத்தானே சாட்சி சொல்ல முடியாது என்பதை அதுவே ஒப்புக்கொள்கிறது.

'எல்லாத்தையும் நீளமா எழுதிட்டாப் போச்சு' என்று சுலபமாகச் சொல்கிறார்கள். மாடல் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளும் இடத்துக்கு எல்லை உண்டு. வளவள விவரணை அதைத் தின்றுவிடும். ஆகவே எதை எழுதுவது என்று தேர்ந்தாக வேண்டும். தேர்வு என்று வந்துவிட்டால் அதிகாரமும் வந்துவிடுகிறது.

ஒரு சிறுபத்திரிகையின் சந்தாப் பட்டியலை ஏஜெண்டிடம் விடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 'காலாவதியான சந்தாவை நீக்கும்' என்று நிரலர் ஒரு வரி எழுதுவார். இலக்கணப்படி பிழையில்லை. நீக்கியதைத் திரும்ப எடுக்கலாமா, முகவரியும் சேர்ந்து போகுமா என்பது அதில் இல்லை. சிறையிலிருக்கும் தோழருக்கு சந்தா முடிந்தாலும் இதழ் போகணும் என்பதும் இல்லை. அது தெரிந்தவர் கவர் ஒட்டி முகவரி எழுதுகிற ஆள். அவருடைய அறிவு இதுவரை எந்தக் கையேட்டிலும் ஏறியதில்லை, ஏறாமலே வேலை நடந்தது. நாளைக்குப் பெயர்கள் காணாமல் போனால் 'ஏஜெண்ட் தப்பு பண்ணிடுச்சு' என்பார்கள். ஆசிரியனின் மரணத்தைப் பார்த் அறிவித்தது வாசகரின் விடுதலைக்காக. இங்கே அது பொறுப்பைக் கைகழுவ வசதியாக இருக்கும்.

விவரணையின் வரைவை அந்தக் கவர் ஒட்டுகிறவரிடம் வாசித்துக் காட்டி, 'இது எங்கே சொதப்பும், சொல்லுங்க' என்று கேட்கவேண்டும். அவர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே ஏற்றவேண்டும். அந்த உழைப்புக்குக் கூலி என்ன, பெயர் எங்கே வரும் என்பதை அதே கூட்டத்தில் பேசிவிடலாம்.