மயிற்பொறியின் கால்

மதுரையில் அண்மையில் நடந்த ஓர் அறிவியல் புனைகதைக் கருத்தரங்கில், தேநீர் இடைவேளைக்குச் சற்று முன்பு ஒருவர் கைதட்டல் வாங்கினார். உருமாறும் போர் விமானம், விமானமே மனிதனாக எழுந்து நிற்பது, இதெல்லாம் ஜப்பான்காரன் நேற்றுச் செய்தது. நம்மிடம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மயிற்பொறி இருந்தது என்றார். இப்போதெல்லாம் இப்படி ஒரு வரி சொல்லாமல் எந்தக் கூட்டமும் முடிவதில்லை. கைதட்டியவர்களில் எத்தனை பேர் சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தைப் பிரித்துப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே காரியாபட்டிக்குப் பஸ் ஏறினேன். அந்த யோசனைதான் இந்தக் கட்டுரை.

தொடக்கத்தை வேகமாகக் கடந்துவிடலாம், வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். மதுரைக் கோட்டை மதிலின் பொறிகளை இளங்கோ அடுக்கிச் சொல்கிறார். பெருங்கதையில் உதயணனைப் பிடிக்க, வயிற்றுக்குள் வீரர்களை ஒளித்துவைத்த யானைப் பொறி வருகிறது. அப்புறம் சிந்தாமணி பாடிய திருத்தக்கதேவர். அமைச்சன் கட்டியங்காரன் சூழ்ச்சியில் நாடு போகப்போகிறது என்று தெரிந்ததும், கருவுற்றிருக்கும் அரசி விசயைக்காக மன்னன் சச்சந்தன் மயில் வடிவில் ஒரு பொறி செய்விக்கிறான். அரசி அதை ஓட்டப் பழகுகிறாள். போர் நாளில் ஏறிப் பறக்கிறாள். பகைவனின் வெற்றி முரசு காதில் விழுந்ததும் மயங்குகிறாள்; பொறி சுடுகாட்டில் இறங்குகிறது, சீவகன் அங்கே பிறக்கிறான்.

பெருமை பேசுகிறவர்கள் 'பறந்தது' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தேவர் அதோடு நிற்கவில்லை. பொறியை வலப்பக்கம் திருகினால் எழும்பும், இடப்பக்கம் திருகினால் இறங்கும், தரையைத் தொடும்போது மயில் கால்களைக் குவித்து அமரும் என்று எழுதிவைத்திருக்கிறார். திருகு எந்தப் பக்கம், கால் எப்படி மடங்குகிறது என்பதைச் சொல்லாமல் அரசியை வானத்தில் ஏற்ற அந்தச் சமண முனிவருக்கு மனம் வரவில்லை. நம்மிடம் இருந்தது விமானம் அல்ல. கீல் எங்கே இருக்கிறது என்று கேட்கும் புத்தி இருந்தது. 1887இல் உ.வே.சா. சிந்தாமணியைப் பதிப்பித்துக் கையில் கொடுத்த பிறகும் நாம் அதைப் பார்க்கவில்லை.

இடையில் வரும் நூற்றாண்டுகளைத் தாண்டி 1972க்கு வருகிறேன். அந்த ஆண்டு எங்கள் மாவட்டத்துச் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது, முதல் இதழே இரும்புக்கை மாயாவி. அதே ஆண்டின் கடைசியில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் கோ நாகாயின் மாசிங்கர் இசட் வந்தது. மனிதன் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் ராட்சத ரோபோவின் காலம் அதோடு தொடங்கியது. மாயாவி மின்சாரத்தைத் தொட்டால்தான் மறைவான். மின்வெட்டுக்குப் பேர்போன ஊர்களில் இதைப் படித்த எங்களுக்கு அது பெரிய கவலையாக இருந்தது. ஆனால் நல்ல கவலை. அதிசயத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு என்று கற்றுக்கொடுத்தது. பின்னால் லயன் காமிக்ஸில் வந்த ரோபோ ஆர்ச்சி பலசாலி, வாயாடி, எங்கள் செல்லம். ஆனாலும் அவன் இரும்புச் சட்டை போட்ட மனிதன்தான்.

1974இல் ஜப்பானியத் தொடர் கெட்டர் ரோபோ மூன்று ஜெட்களை ஒன்றுசேர்த்து ஒரு ரோபோவாக்கியது. வரலாற்றில் அதற்கு இடம் உண்டு, என் மனத்தில் இல்லை. மூன்று விமானங்களும் மாவு பிசைந்ததுபோலக் கரைந்து ஒட்டிக்கொள்ளும். கையில் வைத்து அதைச் செய்து காட்ட எந்தத் தச்சனாலும் முடியாது. 1979இன் குண்டம் ரோபோவைப் போர்த்தளவாடமாக்கியது, அது பெரிய விஷயம். ஆனால் முதல் குண்டம் வானூர்தியாக மாறவில்லை.

1982 அக்டோபர் 3. மேக்ராஸ் என்ற ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடரின் முதல் அத்தியாயம். ஷோஜி கவாமோரிக்கு அப்போது வயது 22. அவர் வடித்த விஎஃப்-1 வால்கிரி முதல் பார்வைக்கு அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 டாம்கேட்தான். பறக்கும்போதே விரிந்து மடங்கும் அதே இறக்கை. அந்த இறக்கை நமக்கும் புதிதல்ல. நம் விமானப் படையின் மிக்-27 அப்படி மடக்கிப் பறந்ததுதான், 2019 டிசம்பரில் ஜோத்பூரில் விடைபெற்றது. கவாமோரி செய்தது அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்டது: இறக்கை மடங்கலாம் என்றால், மற்றதெல்லாம் ஏன் மடங்கக்கூடாது?

இரண்டு எஞ்சின் கூடுகளும் கீழே மடங்கிக் கால்களாகின்றன. வெப்பக் காற்று வெளியேறும் வாய்களே பாதங்கள். கால்களுக்கு நடுவே அடிவயிற்றில் ஒளித்திருந்த கைகள் வெளியே வருகின்றன. மூக்குப் பகுதி வளைந்து மார்பாகிறது, விமானியின் கண்ணாடிக் கூண்டைக் கவசம் மூடுகிறது. வயிற்றுக்கடியில் லேசர் பொருத்திய சிறு குமிழாக இருந்ததுதான் தலை. இறக்கையும் வாலும் முதுகில் மடிந்துகொள்கின்றன. கீழே தொங்கிய பீரங்கி கைத்துப்பாக்கியாகிறது. எதுவும் புதிதாக முளைக்கவில்லை, எதுவும் காணாமல் போகவில்லை. இப்படிப்பட்ட வடிவங்களைக் கவாமோரி லெகோ கட்டைகளில் அடுக்கிப் பார்த்துத்தான் வரைவார். டகடோகு நிறுவனத்தின் 55இல் ஒரு பங்கு அளவு பொம்மை, ஒரு துண்டையும் கழற்றாமல், குழந்தையின் கையிலேயே விமானத்திலிருந்து ரோபோவாக மாறியது. 'வெறும் பொம்மை விளம்பரம்' என்று இந்தத் துறையை மூக்கைச் சுளித்துத் தள்ளுகிற விமர்சகர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஓவியன் பொய் சொல்லாமல் தடுத்தது அந்தப் பொம்மைதான்.

ஏன் மனித உருவம்? அதற்கும் பதில் இருக்கிறது. 1999இல் விண்ணிலிருந்து விழுந்த கப்பலை ஆராய்ந்தபோது, வரப்போகும் எதிரி பத்து மீட்டர் உயர மனிதன் என்று தெரிந்துவிடுகிறது. அவனோடு கைகலக்க அவன் உயரத்தில் ஒரு உடல் வேண்டும். காரணம் கதைக்குள்ளேயே நிற்கிறது.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது இரண்டு உருவங்களும் அல்ல, நடுவில் நிற்கும் மூன்றாவது. ஜெர்வாக் என்பார்கள். உடம்பு விமானமாகவே இருக்கும்; கால் மட்டும் இறங்கி, பறவைக்கு மடங்குவதுபோலப் பின்பக்கமாக மடங்கி, தரைக்குச் சற்று மேலே மிதக்கும். கை நீண்டிருக்கும். அவலட்சணம் என்பார்கள். எனக்கு இந்தத் துறையின் ஆகச்சிறந்த கற்பனை அதுதான். காற்றுவாயைக் கீழ்நோக்கித் திருப்பி அந்தரத்தில் நிற்பது நம் கடற்படையின் சீ ஹாரியர் 2016 வரை செய்துகாட்டிய வித்தைதான். முழு விமானமும் முழு மனிதனும் முடிந்துபோன விடைகள். இது மாறிக்கொண்டிருக்கும்போதே வேலை செய்கிற உடல்.

பாட்டைச் சொல்லாமல் விட்டால் மேக்ராஸைச் சொன்னதாகாது. சண்டை தவிர வேறெதுவும் அறியாத ஜென்ட்ராடி ராட்சதர்களைக் கடைசியில் குலைப்பது லின் மின்மே என்ற பெண்ணின் பாட்டு. நம் படங்களில் பாட்டு வந்தால் போர் ஐந்து நிமிடம் காத்திருக்கும். அங்கே பாட்டுதான் போர். 1984 திரைப்படத்தில் இது உச்சத்துக்குப் போனது; கவாமோரி நொபொரு இஷிகுரோவோடு சேர்ந்து இயக்கினார். பத்தாண்டு கழித்து வந்த மேக்ராஸ் பிளஸ், செயற்கை அறிவுப் பாடகி ஒருத்தி கூட்டத்தை மயக்கி வைத்திருப்பதைக் காட்டிவிட்டது. இன்று அதைப் புதுச் செய்தியாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பிறகு சிதறல். 1985இல் அமெரிக்காவில் மேக்ராஸோடு, அதற்குத் தொடர்பே இல்லாத வேறு இரண்டு தொடர்களை ஒட்டுப்போட்டு ரோபோடெக் என்று 85 அத்தியாயங்களாக ஓட்டினார்கள். அதே ஆண்டு வால்கிரி பொம்மைக்கு வேறு சாயமும் முத்திரையும் இட்டு, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் ஜெட்ஃபயர் என்று விற்றார்கள். உரிமைச் சிக்கலால் கார்ட்டூனில் அதற்கு உருவமும் வேறு, பெயரும் ஸ்கைஃபயர். வழக்குகள் அடங்கி உடன்பாடு வந்தது 2021இல்தான். இத்தனை காலம் மேக்ராஸின் பெரும்பகுதி ஜப்பானைத் தாண்ட முடியாமல் கிடந்தது. நம் பிள்ளைகளுக்குச் சுட்டி டிவி காலத்தில் தமிழ் பேசிய ஜாக்கி சான் கிடைத்தார், வால்கிரி கிடைக்கவில்லை.

கிடைத்தது 2007இன் ஹாலிவுட் டிரான்ஸ்ஃபார்மர்ஸ். அதை நான் மன்னிப்பதாக இல்லை. ஒரு நொடிக்குள் ஆயிரம் தகரத் துணுக்குகள் சுழல்கின்றன, புகை அடங்குகிறது, ரோபோ நிற்கிறது. எது எதுவாயிற்று என்று கண்ணால் தொடர முடியாது. கணினிக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. நம் எந்திரன் 2010இல் அதே வழியில் போனது. நூற்றுக்கணக்கான சிட்டிகள் ஒட்டிக்கொண்டு உருண்டையாகின்றன, பாம்பாகின்றன, பூதமாகின்றன. திரையரங்கில் நானும் விசிலடித்தவன்தான். ஆனால் அங்கே காந்தம் இருக்கிறது, கீல் இல்லை. சுஜாதாவின் ரோபோ நாய் ஜீனோ அதைவிட எத்தனையோ உயரம். படிக்கும், கிண்டலடிக்கும், கோபப்படும். ஆனாலும் அது முழுக்கப் பேச்சால் ஆன நாய். பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவருக்கு அதன் பின்னங்கால் எப்படி மடங்குகிறது என்று சொல்லத் தெரியாதா? பத்திரிகைத் தொடருக்கு அது வேண்டியிருக்கவில்லை. அவருக்குப் பின் எழுதியவர்கள் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு, அவருக்குத் தெரிந்திருந்த மீதியை விட்டுவிட்டார்கள்.

உருமாறும் எந்திரத்தை நான் முதலில் பார்த்தது திரையில் அல்ல. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் காடுகளில் கண்மாய் வற்றிய ஆண்டுகளில் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி வரும். தேங்காயைக் கையில் வைத்துப் பாயிண்ட் பார்த்துக் கல் நட்டு வைத்திருப்பார்கள். லாரி வந்து கல்லுக்கு நேரே பின்வாங்கி நிற்கும். நான்கு ஜாக்கியும் இறங்கி மண்ணை அழுத்தும், டயர்கள் தரையை விட்டு எழும்பும். அதுவரை ஓட்டுநர் கூண்டுக்கு மேல் படுத்துக் கிடந்த கோபுரம் ஹைட்ராலிக் தண்டு தள்ளத் தள்ள நிமிரும். லாரியாக வந்தது கால் ஊன்றி நின்றுவிடும். வேலிக்கருவேல நிழலில் நின்ற சிறுவர்களில் எவனுக்கும் எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்று சந்தேகமே இல்லை. ராத்திரி முழுக்கச் சுத்தியல் இறங்கும், வெள்ளைப் புழுதி பறக்கும், புழுதி ஈரமாகிறதா என்று வீட்டுக்காரர் கையில் அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பார். அடிக்கணக்கு ஏற ஏறக் கடன் ஏறும். பத்து மீட்டர் எதிரி இல்லாவிட்டால் என்ன, அது எழுந்து நிற்பதற்கும் காரணம் இருந்தது. தமிழ் அறிவியல் புனைகதையில் இந்த வண்டி இன்னும் வந்து நிற்கவில்லை. வேற்றுக்கிரகக் கப்பல்கள் மட்டும் சென்னைக் கடற்கரையில் இறங்கிக்கொண்டே இருக்கின்றன.

மேக்ராஸின் 36 அத்தியாயங்களைத் தமிழில் யாராவது கொண்டுவந்தால், வசனம் எழுதப்போகிறவருக்கு ஒரு விண்ணப்பம். விமானத்துக்கு ஃபைட்டர், ரோபோவுக்கு பேட்ராய்டு என்ற பெயர்கள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். அந்த நடு உருவத்துக்கு மட்டும் ஜெர்வாக் வேண்டாம். எங்கள் கடலைக் காட்டில் விடிகாலையில் மயில் வந்து இறங்கும்போது கால் எந்தப் பக்கம் மடங்குகிறது என்று ஒருமுறை வந்து பாருங்கள். அதற்கு மயில்கால் என்று பெயர் வையுங்கள்.