கோரைக்கிழங்கின் முளைக்குள்ளே

ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கோயில் பிரசாதத்தில் கோரைக்கிழங்கு மணக்கும். அதே கிழங்கை ஈர வயலில் பிடுங்கிப் பாருங்கள். நார் படர்ந்த கறுத்த தோலைக் கீறியதும் அந்த மணம் விரலில் ஒட்டிக்கொள்ளும். நுனியில் வெள்ளை முளை ஊசியாய் நிற்கும். அதற்குள் சைட்டிடின் பார்க்கும் வேலையை நினைக்க நினைக்க மனசு நிறைகிறது. ரைபோஸ் சர்க்கரையோடு சைட்டோசின் சேர்ந்த சின்ன மூலக்கூறுதான். மூன்று பாஸ்பேட் ஏறியதும் புதுச் செல்களுக்குச் சவ்வு நெய்ய உதவுகிறது. புரதம் கட்ட அமினோ அமிலம் சுமக்கும் டிஆர்என்ஏ மூலக்கூறு ஒவ்வொன்றின் வால்நுனியிலும் இரண்டு சைட்டிடின், கடைசியாக ஓர் அடினோசின். அமினோ அமிலம் வந்து பற்றிக்கொள்வது அந்த முனையில்தான். முனை உதிர்ந்துபோனாலும் ஒரு நொதி, எந்த அச்சையும் பார்க்காமல், அதே வரிசையில் திரும்பக் கட்டிவிடும். அந்தக் கைப்பழக்கம் எனக்கு அலுப்பதே இல்லை.