பறைக்கு வழிவிட்ட கிதார்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் காவடிகளுக்கு முன்னே பம்பை அதிரும். முத்துசாமி தீட்சிதர் தம் முதல் கிருதியைப் பாடியதும் இதே மலையில்தான் என்கிறது கர்நாடக இசை மரபு. கிருதி சபாவுக்குப் போயிற்று. பம்பை படிக்கட்டோடு நின்றது. தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற சென்னை இசைக்குழுவை எடைபோட இந்த இடைவெளியையே அளவுகோலாகக் கொள்கிறேன்.

2018 ஜனவரி 6, மார்கழி முடியாத சனிக்கிழமை. சென்னை கீழ்ப்பாக்கத்துப் பள்ளி மைதானம் ஒன்றில் அந்தக் குழுவின் 19 பேர் மேடையேறினார்கள். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் முன்னெடுக்க, இசையமைப்பாளர் டென்மா இசையை ஒருங்கிணைத்தார். சாதிபேதம் அற்றவர்கள் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையே குழுவின் பெயரானது.

இவர்களுடையது பங்க் இசையா? புகழ்பெற்ற இயக்குநரின் துணை இருந்ததால், தலைமறைவுக் குழு என்று சொல்ல முடியாது. ஆனால் 1978இல் இனவெறிக்கு எதிராக லண்டன் பூங்காவில் ‘தி கிளாஷ்’ என்ற பங்க் குழு பாடியபோது இருந்த கோபம் இங்கேயும் உண்டு. மெருகுக்காகக் காத்திராமல் பேச வேண்டியதைப் பேசிவிடும் அவசரமும் உண்டு. அந்த அளவில் பங்க்தான்.

சினிமாவில் பறை பெரும்பாலும் குத்துப்பாட்டுக்கும் சாவுக் காட்சிக்கும் வந்துபோகும். இவர்களிடம் பறையும் சட்டியும் பாட்டின் நடையைத் தீர்மானிக்கின்றன. கிதார் அவற்றுக்கு வழிவிடுகிறது. சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் கானாவின் இழுவை, ராக் தாளத்துக்குள் வந்தும் கரையவில்லை. குழுவின் ஆகப்பெரிய சாதனை என்று இதைத்தான் சொல்வேன்.

குறையும் பெரிதுதான். இட ஒதுக்கீட்டைப் பற்றிய பாடல் போன்றவற்றில் வாதம் முந்திக்கொள்கிறது, பாட்டு பின்தங்குகிறது. மேடையில் நெஞ்சில் இடிக்கும் தோல்கருவிகள் ஒலிப்பதிவில் தட்டையாகின்றன. ஆண்களின் களமாகவே இருந்த கானாவில் நுழைந்து, பிபிசியின் 2020ஆம் ஆண்டு 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர் குழுவின் பாடகி இசைவாணி. சபரிமலைப் பெண்கள் நுழைவு குறித்த பாடலுக்காக 2024இலும் மிரட்டலைத் தாங்கினார். அந்தக் குரலுக்கு இன்னும் எத்தனையோ பாடல்கள் கிடைத்திருக்க வேண்டும்!

குழுவின் ராப் பாடகர் அறிவு, திருத்தணிக்குப் பக்கத்து ஊரான அரக்கோணத்துக்காரர். அவருடைய சொல் கூர்மையானது 2019இல் வெளிவந்த ‘தெருக்குரல்’ தொகுப்பில். உலகெங்கும் ஒலித்தது 2021இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’யில். இரண்டுமே இந்தக் குழுவுக்கு வெளியே நடந்தவை. ஆக, இசைக்குழு என்பதைவிட நாற்றங்காலாகவே இது அதிகம் வென்றிருக்கிறது. 2020இல் நீலம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ விழாவும் அதே நிலத்தில் முளைத்ததுதான்.

மேடையில் இவர்கள் தமிழிசையின் வரிசையை மாற்றிக் காட்டிவிட்டார்கள். பதிவில் இன்னும் இல்லை. எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, மேடையில் வாசிப்பதுபோலவே ஒரு முழுத் தொகுப்பை வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். இந்தக் குழுவிடம் நான் கேட்பது அதுதான்.